படிநிலை யாருக்கு?
வாசகர் பேச்சு குறித்துச் சில குறிப்புகள்

புத்தகப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் பால்யத்துக்குப் போய்விடும். 'ஆறாங்கிளாஸ்லயே பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சிட்டேன்' என்பார் ஒருவர். 'எங்க தாத்தா கல்கியிலேர்ந்து கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தார்' என்பார் இன்னொருவர். பிறகு, 'இப்ப பசங்க எங்க சார் படிக்குது' என்ற பெருமூச்சு. இந்தப் பேச்சையே ஒரு பிரதியாக வாசித்தால் அதன் மௌனம் புலப்படும். 1950களில் வாரப் பத்திரிகை வாங்கி, கிழித்து, பைண்டு செய்து வைக்க முடிந்த வீடுகள் எந்தத் தெருக்களில் இருந்தன? வீட்டுச் சேமிப்பு இங்கே தனிமனித மேதைமையாக உருமாற்றம் பெறுகிறது.

இதே நண்பர்கள் குழந்தைகளின் வாசிப்புத் திறனை அளப்பது என்றதும் கொதிக்கிறார்கள். 2005 முதல் பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு கிராமங்களில் வீடுவீடாகப் போய் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என வரிசையாகக் கொடுத்து, குழந்தை எதுவரை படிக்கிறது என்று பார்த்துவருகிறது. 'அளக்கறதே வன்முறைங்க' என்கிறார் நண்பர். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தை ஐந்தாம் வகுப்பிலும் ஒரு பத்தியைப் படிக்க முடியாமல் திணறுவது யாரோ அளந்ததால் நேர்ந்ததல்ல. அளக்காத காலத்திலும் அது கடைசி பெஞ்சில்தான் இருந்தது. நண்பரின் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லித்தர ஆள் உண்டு. அளவீட்டை மறுப்பதும் ஒரு வசதிதான்.

ஆக, சிக்கல் அளப்பதில் இல்லை. அளவு எதன்மேல் ஒட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளை வகுத்தது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று வகுத்தது. முன்னது குழந்தைக்கு வைத்த பெயர், பின்னது புத்தகத்துக்கு. பின்னவை வினைச்சொற்கள், இன்று நடப்பவள் நாளை ஓடலாம். ஆனால் 'நான் அரும்பு சார்' என்று ஒரு குழந்தை சொல்லும்போது பெயர் எவ்வளவு மென்மையாக இருந்தும் அது அடையாளமாகிவிடுகிறது. படிநிலை என்ற சொல்லை நாம் அம்பேத்கர் வழியாகவும் அறிந்தவர்கள். ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே இன்னொரு படியைத் தேடும். புத்தகத்துக்கு வைத்த பெயரும் தப்பிவிடாது. யார் எந்த அடுக்கில் எடுக்கிறார்கள் என்று வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் 2011இல், நூல்களின்மேல் வாசிப்பு அளவு ஒட்டுவதை எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரங்கநாதன் 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை எழுதியபோது வாசகரும் நூலும் ஒருவரையொருவர் கண்டடைவதைப் பற்றித்தான் பேசினார். தகுதி பற்றி அல்ல. அவர் உழைப்பால் வந்தது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டுகிறோம். ஆனால் நான் போய்வந்த ஒரு கிளை நூலகத்தில், தடித்த நாவலொன்றை எடுத்த ஏழாம் வகுப்புச் சிறுமியிடம் 'இதெல்லாம் ஒனக்குப் புரியாது, அங்க வெச்சிட்டு வா' என்றார்கள். படக்கதை எடுத்த பதின்மூன்று வயதுப் பையனிடம் 'இவ்ளோ வளந்துட்டு பொம்மை பாக்குறியா?' என்றார்கள். இரண்டு பேரும் வெறுங்கையோடுதான் போனார்கள். அன்று நானும் பேசாமல் தினசரியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அளவீடு ஆசிரியரின் நோட்டுக்குள் இருக்கட்டும். யாருக்கு எதில் உதவி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அலமாரிக்கு அது வரக் கூடாது. புரியாத புத்தகத்தைப் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு வைக்கவும், பெரிய பிள்ளை சின்னப் புத்தகத்தைக் கூச்சமின்றி எடுக்கவும் இடமிருக்க வேண்டும். பைண்டு வால்யூம் இருந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த உரிமை கேட்காமலேயே கிடைத்தது. மற்றவர்களுக்கு நூலகம்தான் அந்த வீடு. அடுத்த தடவை நாலு பேர் கூடும்போது, எத்தனை வயசில் எதைப் படித்தோம் என்பதை விட்டுவிட்டு, நம் தெரு நூலகத்தில் சிறுவர் அலமாரியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பேசுவோமா தோழர்களே?