கோவிவனும் வானவில் பாலமும்

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு குடும்பம் செத்துப்போன நாய்க்குப் பளிங்குச் சிலை வைத்துப் பூசை செய்வது 2022இல் செய்தியானபோது படித்தவர்கள் பலர் சிரித்தார்கள். நாய்க்கு அழுவது மேற்கிலிருந்து வந்திறங்கிய நகரத்து மோஸ்தர், நம் மரபில் நாய் வெறும் வசவு என்று இலக்கியப் பேச்சுகளில் அடிக்கடி கேட்கிறேன். சான்றுக்கு மாணிக்கவாசகரை இழுப்பார்கள். தம்மைத் தாழ்த்திக்கொள்ள அவருக்கு நாய்தானே அகப்பட்டது என்பார்கள். பக்தி இலக்கியத்தோடு வாசிப்பை முடித்துக்கொண்டவர்களின் கட்சி இது. நாலடியார் யானையின் நட்பைத் தள்ளிவிட்டு நாயின் நட்பைத் தேடச் சொல்கிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும். எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் நாய் வாலாட்டும்.

நாலடியார்கூட உவமைதான். எடுத்தனூர்க் கல் அப்படியல்ல. செங்கம் பகுதியைச் சேர்ந்த அந்த நடுகல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டது. எருமைகளுக்காக நடந்த பூசலில் மடிந்த கருந்தேவக்கத்திக்கு நாட்டிய கல். அவனுக்குப் பின்னால் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கென்று தனி வாசகம் உண்டு: பெயர் கோவிவன், இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது. அவ்வளவுதான். வெட்டியவன் அழுததாகவோ, நாய் நற்கதி அடைந்ததாகவோ ஒரு சொல் கிடையாது. பெயரும் செயலும் போதும் என்று நினைத்திருக்கிறான்.

கன்னட நாட்டுக் கல் இன்னும் விரிவாகப் பேசும். சோழ இளவரசன் இராசாதித்தன் தக்கோலத்தில் வீழ்ந்த போரை நாம் அறிவோம். எதிர்ப்பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரா. என்ன பரிசு வேண்டும் என்று மன்னன் கேட்டதற்கு, காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். காளி ஒரு காட்டுப்பன்றியோடு மோதியது, இரண்டும் செத்தன. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கல் நாட்டி, நிலம் விட்டு, பூசைக்கு ஆளும் வைத்தார்கள். கல்லுக்குப் பூசை செய்யாமல் அந்தப் பூசாரி சாப்பிட்டால் நாயின் பாவம் அவரைச் சேரும் என்று வெட்டியும் வைத்தார்கள். 10ஆம் நூற்றாண்டு! சிவகங்கைக்குச் சிரித்தவர்கள் இதற்கும் சிரித்துக்கொள்ளட்டும்.

காவியங்களை விரைவாகக் கடந்துவிடலாம். தருமரோடு இமயம் ஏறிய நாய் வில்லிபாரதத்தில் இல்லை. வில்லிபுத்தூரார் போரோடு நிறுத்திக்கொண்டார். வியாசரிடம் இருப்பதும் கடைசியில் தருமதேவனாக உருமாறி நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஹோமர் ஏமாற்றவில்லை. உண்ணி மொய்க்கச் சாணக் குவியலில் கிடக்கும் ஆர்கோஸ், இருபது வருடம் கழித்து வந்த எஜமானனைக் கண்டு வாலை அசைத்துவிட்டுச் செத்துப்போகிறது. அந்த உண்ணிக்காகவே நான் அதை நம்புகிறேன்.

அதற்குப் பிறகு நீண்ட சரிவு. 1808இல் வெறிநோயில் செத்த தன் நாய் போட்ஸ்வெயினுக்கு நியூஸ்டெட் அபேயில் பைரன் எழுப்பிய நினைவுச்சின்னம் பேர்பெற்றது. கவிதை முழுக்க மனித குலத்தின் மீதான வசை. நாய் எப்படி ஓடும், எதைக் கண்டு குரைக்கும் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. யூஜின் ஓ'நீல் 1940இல் தன் டால்மேஷன் பிளெமியின் பேரில் உயிலே எழுதிவிட்டார். நகைச்சுவைக்காக மன்னிக்கலாம், ஆனாலும் பேசுவது ஓ'நீல்தான். நெருடா மேலானவர். மனிதருக்குச் சொர்க்கம் இல்லை என்ற பொருள்முதல்வாதி, நாய்களுக்கு மட்டும் ஒன்றை ஒதுக்கினார். அந்தச் சலுகையைவிட, தன் நாய் தேவைக்கு மேல் ஒட்டாமல் இருந்ததை அவர் கவனித்திருப்பதே எனக்குப் பெரிது.

என் மனம் நிற்பது இரண்டு உரைநடைக்காரர்களிடம். இ. பி. ஒயிட் 1932இல் 'தி நியூ யார்க்கர்' இதழில் தன் நாய் டெய்சிக்கு எழுதிய இரங்கல் குறிப்பு சிறியது. நியூயார்க்கில் ஒரு டாக்ஸி மோதிச் செத்தது டெய்சி; அந்த நேரத்தில் பூக்கடை முகப்பை மோந்துகொண்டிருந்தது. பெரிதாக எதையும் சாதிக்காத நாய் என்பதை ஒயிட் மறைக்கவில்லை, அதன் சில்லறைக் குணங்களையும் விடவில்லை. ஜே. ஆர். ஆக்கர்லி இன்னும் துணிந்தார். சத்தர்பூர் அரசரிடம் செயலாளராக இருந்த அனுபவத்தை எழுதியவராக அவரை அறிந்தவர்கள், 1956இல் வந்த 'மை டாக் டியூலிப்' நூலையும் படிக்க வேண்டும். அல்சேஷன் நாய் எங்கே மலம் கழித்தது, பருவத்துக்கு வந்தபோது எந்த ஆண் நாயையெல்லாம் மறுத்தது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. முகம் சுளித்தவர்கள் உண்டு. நாயின் நிஜப் பெயர் குயீனி, 1961இல் செத்தது. இன்றும் அது நம் கண்முன் நிற்கக் காரணம், உயிரோடு இருந்தபோதே அவர் கூச்சமின்றி எழுதிவைத்ததுதான்.

இன்று கோலோச்சுவது 'ரெயின்போ பிரிட்ஜ்'. 1959இல் ஸ்காட்லாந்தின் எட்னா கிளைன்-ரெக்கி என்ற பத்தொன்பது வயதுப் பெண், தன் லாப்ரடார் மேஜர் செத்த துக்கத்தில் எழுதிய குறிப்பு. எழுதியவர் பெயரே இல்லாமல் உலகம் சுற்றி, 2023இல்தான் அவர் அடையாளம் காணப்பட்டார். அந்தப் பெண்ணின் துக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வானவில் பாலத்தருகே பசும்புல்லில் காத்திருக்கும் அந்தப் பிராணி யாருடைய நாயாகவும் இருக்கலாம், பூனைக்கும் பொருந்தும். கால்நடை மருத்துவமனையின் ஆறுதல் அட்டைக்கு இந்தப் பொதுத்தன்மை வசதி, இலக்கியத்துக்குக் கேடு. மேற்கிலிருந்து இறக்குமதியானது துக்கம் அல்ல, இந்தத் தயார்நிலை ஆறுதல். நம்மவர்கள் ஃபேஸ்புக்கில் செத்த நாயின் படத்துக்குக் கீழே இதைத்தான் ஒட்டுகிறார்கள். படத்தில் இருக்கும் நாயின் காது ஏன் கிழிந்திருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை.

தமிழில் பெருமாள்முருகன் 2016இல் ஒரு வெள்ளாட்டுக்கு முழு நாவலே கொடுத்துவிட்டார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் இனங்களைப் பற்றி சு. தியடோர் பாஸ்கரன் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2017இல் வந்தது. டியூலிப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய தமிழ் நூலை நான் இன்னும் வாசிக்கவில்லை. மணி என்றோ ஜிம்மி என்றோ கூப்பிட்டு, உப்புப் போட்டுத் தென்னை மூட்டில் புதைத்த ஒரே ஒரு நாயைப் பற்றி, எந்தத் தபால்காரரைத் துரத்தியது, மழைநாளில் எங்கே படுத்தது என்பது வரைக்கும் யாராவது நூறு பக்கம் எழுதுங்கள். பதிப்பாளர்கள் இதைச் சிறு விஷயம் என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.