நள்ளிரவில் அமோனியா, ஞாயிறு விடியலில் ஏலம்

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஓட்டத்தின் நடுவே ஒரு குருவானவர் இருந்திருந்தால், ஒவ்வொருவராக நிறுத்திப் பாவசங்கீர்த்தனம் கேட்டிருக்க முடியுமா?

முடியாது, கேட்க வேண்டியதும் இல்லை. சாவு நெருங்கி, தனித்தனியே கேட்க நேரமில்லை என்றால், எல்லோருக்கும் ஒருசேரப் பாவமன்னிப்பு வழங்கலாம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 961ஆம் பிரிவு. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணு உலை விபத்தின்போது அப்படி வழங்கியும் இருக்கிறார்கள். ஆலைகளுக்கும் அலைகளுக்கும் இடையில் வாழும் வடசென்னைக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

2020 மார்ச்சில் வத்திக்கான் இதே வழியைக் கொரோனா நோயாளிகளுக்கும் காட்டியது. வார்டு வாசலில் நின்று, இயன்றால் ஒலிபெருக்கி வைத்து மன்னிப்பு மொழியலாம் என்றது. அடுத்த சில வாரங்களில் இதே வடசென்னையின் ராயபுரம் மண்டலத்தில்தான் சென்னையிலேயே தொற்று அதிகம். சொந்தபந்தம் அருகில் வர முடியாமல் கிடந்த ஒருவருக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய துணை!

சட்டம் இன்னொரு வாசலையும் திறக்கிறது. குருக்கள் போதாமல், மக்கள் தம் குற்றமின்றி நெடுநாள் நற்கருணை பெறாமல் இருக்க நேர்ந்தாலும் பொது மன்னிப்பு உண்டு. ஆனால் அந்த நிலை வந்துவிட்டதா என்று முடிவு செய்பவர் ஆயர், பங்குத்தந்தை அல்ல. திருவிழாக் கூட்டமோ திருயாத்திரைக் கூட்டமோ மட்டும் காரணமாகாது. பொது மன்னிப்பு பெற்றவரும் சாவான பாவங்களைப் பின்னர் தனியே அறிக்கையிட மனம் கொண்டிருக்க வேண்டும்.

இந்தக் கண்டிப்பு சரியானதே. கூட்டாளியின் பங்கில் கைவைத்தவனும் குடித்துவிட்டு மனைவியை அடித்தவனும் ஒரே செபத்துக்குள் ஒதுங்கிக்கொண்டால், ‘எடுத்ததைத் திருப்பிக் கொடு’, ‘இனி கை ஓங்காதே’ என்று அவரவர் முகம் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? 1580லேயே இயேசு சபைக் குரு என்றிக்கே என்றீக்கசு அடிகளார் பாவசங்கீர்த்தனத்துக்கென்று தனியாக ஒரு தமிழ்க் கையேட்டை அச்சிட்டார். தன் பாவத்தைத் தன் மொழியில், தன் வாயால் சொல்வதற்கு அன்றே அவ்வளவு மதிப்பு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிறு விடியல் மீன் ஏலத்தின் நேரம். விசைப்படகில் போனவர்கள் பல நாள் கழித்துத்தான் கரை காண்கிறார்கள். தவக்காலத்தின் பெரும்பகுதி, ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்கு முன்பே கழிந்துவிடுகிறது. கோயிலில் குரு காத்திருக்கும் நேரத்தில் இவர்கள் கடலில் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, குப்பத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சல்லடைத் தடுப்புக்கு அப்பாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்ற கூச்சம் வேறு. ‘எல்லோருக்கும் சேர்த்தே கொடுத்துவிடலாமே’ என்ற எண்ணம் இப்படித்தான் பிறக்கிறது. அதை அலட்சியம் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல.

மக்களுக்கு வசதியான நாளிலும் நேரத்திலும் பாவசங்கீர்த்தனம் கேட்க ஏற்பாடு செய்வது மேய்ப்பர்களின் கடமை என்று அதே சட்டத்தின் 986ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டத்தைக் காரணம் காட்டாதே என்ற பிரிவைப் பற்றிக்கொண்டு இந்தப் பிரிவை விட்டுவிட முடியாது. ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடியும். ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பிப் படகுகள் புறப்படத் தயாராகும் அந்த மாலையில், வெளியூர்க் குருக்கள் இருவர் துறைமுகத்தின் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்காரட்டும்.