கலச்சுவாசமும் மாணவர் மயக்கங்களும்: ஒரு விமர்சன நோக்கு

கலச்சுவாசம் பற்றி மாணவரிடை நிலவும் பிழையான கருத்துகளைக் கவனக்குறைவின் விளைவுகளாகக் கணித்து ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அவற்றுட் பெரும்பாலானவை மாணவனின் தனிப்பட்ட தவறுகளல்ல. மொழி, பாடநூல், பரீட்சை ஆகிய மூன்றும் கூடித் தோற்றுவிப்பன என்பதே எமது துணிபு.

முதலாவது மயக்கம் சொல்லிற் பிறப்பது. மூச்சு விடுதலையும், கலத்தினுள்ளே உணவு மூலக்கூறுகள் படிப்படியாக ஒட்சியேற்றப்பட்டுச் சக்தி பெறப்படுதலையும் ‘சுவாசம்’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். வடமொழியில் அதன் மூலச்சொல் மூச்சையே சுட்டும். எனவே நுரையீரலற்ற மதுவத்துக்கும் முளைக்கும் பயற்றுக்கும் சுவாசம் உண்டெனக் கேட்கும் மாணவன் மருளுதல் இயல்பே. மேனாட்டு அறிவுலகும் இதற்கு விலக்கன்று. 1780களில் சுவாசத்தை ஒருவகை மெதுவான தகனமென விளக்கிய லவோசியர், அது நுரையீரலில் நிகழ்வதாகவே கருதினார். உடலின் இழையங்களே அதன் களம் என்பது உறுதிப்பட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

தாவரங்கள் பகலில் ஒளித்தொகுப்பும் இரவிற் சுவாசமும் புரிகின்றன என்பது இரண்டாவது மயக்கம். புளியமரத்தின் கீழ் இரவில் உறங்கலாகாதென்னும் வழக்கு இதற்கு அரண் செய்கின்றது. உண்மையில் தாவரக் கலம் இரவும் பகலும் சுவாசிக்கின்றது. நல்ல ஒளியில் ஒளித்தொகுப்பு அதனை விஞ்சுவதால் வெளிவரும் காபனீரொட்சைட்டு எமக்குப் புலப்படுவதில்லை. மறைந்திருப்பதை இல்லாததெனக் கொள்வதே இங்கு நேரும் தவறு.

மூன்றாவது, பாடநூற் சமன்பாடு விளைவிப்பது. குளுக்கோசும் ஒட்சிசனும் சேர்ந்து காபனீரொட்சைட்டும் நீரும் தோன்றுமென அது கூறுகின்றது. தொடக்கமும் முடிவும் சரியே, இடைவழி மறைக்கப்படுகின்றது. ஆகவே நாம் உள்ளெடுக்கும் ஒட்சிசனே காபனீரொட்சைட்டாக வெளியேறுவதாக மாணவன் எண்ணுகின்றான். அவ்வொட்சிசனோ இழைமணியில் இலத்திரன்களை இறுதியாக ஏற்று நீராகின்றது. காபனீரொட்சைட்டிலுள்ள ஒட்சிசன் உணவிலிருந்தும் நீரிலிருந்தும் வருவது. ‘பிணைப்பு உடையும்போது சக்தி வெளிப்படும்’ என்னும் வாய்பாடும் இத்தகையதே. பிணைப்பை உடைக்கச் சக்தி வேண்டும். அதனினும் வலிய புதிய பிணைப்புகள் உருவாவதாலேயே சக்தி எஞ்சுகின்றது. ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்கு 38 ஏ.ரீ.பீ. என மனனஞ் செய்வோர் இன்றும் உளர். 1961இல் மிற்செல் முன்வைத்து, 1978இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த புரோத்தன் படித்திறன் கொள்கைக்குப் பின்னர் அவ்வெண் நிலைக்கவில்லை. இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 30 முதல் 32 வரையே.

சமன்பாட்டை ஒப்புவிப்பவனுக்குப் புள்ளி வழங்கும் பரீட்சை இம்மயக்கங்களுள் ஒன்றையேனும் வெளிக்கொணராது. உடல் மெலிந்தவனின் கொழுப்பு எங்கே சென்றது என வினவுக. ‘சக்தியாக மாறிற்று’ என்பதே பலரது விடையாகும். அதன் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாக மூச்சிலும், எஞ்சியது நீராகவும் வெளியேறிற்று என்பவனே பாடத்தை விளங்கியவன்.

இதற்குச் செல்வம் மிக்க ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. முளைத்த பயறு, மூடிய போத்தல், தெளிந்த சுண்ணாம்பு நீர் ஆகியன எக்கிராமப் பாடசாலையிலும் கிடைப்பவை. ஒளிபடாத அப்போத்தலிற் சுண்ணாம்பு நீர் பால்நிறமாவதைத் தன் கண்ணாற் கண்டவன் சுவாசத்தை நுரையீரலுக்குள் அடைத்து வைக்கமாட்டான். தாய்மொழிவழி விஞ்ஞானக் கல்வியின் வெற்றி கலைச்சொற்களின் தொகையில் இல்லை. அச்சொற்களைக் கொண்டு மாணவன் வினவவும் ஐயுறவும் வல்லவனாவதிலேயே தங்கியுள்ளது.