எய்லியின் குளிர்கால அரங்கு

டிசம்பர் மாதத்தில் நியூயார்க் நகரின் நாட்டிய ரசிகர்கள் இரண்டு நிகழ்ச்சிகளுக்கே மிகுதியும் நுழைவுச்சீட்டுத் தேடி அலைவர். ஒன்று, சைக்கோவ்ஸ்கியின் இசைக்கு ஆடப்படும் 'நட்கிராக்கர்' என்னும் பாலே. மற்றொன்று, ஆல்வின் எய்லி அமெரிக்க நாட்டியக் குழு பல பத்தாண்டுகளாகச் சிட்டி சென்டர் அரங்கில் நடத்திவரும் குளிர்கால நிகழ்ச்சி. அக்குழுவின் மாலைகளுள் பெரும்பாலானவை 'ரெவலேஷன்ஸ்' என்னும் ஒரே படைப்போடு நிறைவுறும். 'வெளிப்பாடுகள்' என்று நாம் அதற்குப் பெயரிடலாம். 1960 ஜனவரி 31 அன்று முதன்முதலாக மேடையேறிய அந்நாட்டியம் இன்றளவும் அரங்கை எழுந்து நின்று கைதட்ட வைக்கிறது. கைதட்டல் எளிதாகக் கிடைப்பதனாலேயே அதனைச் சற்றுத் தாழ்வாக எண்ணும் திறனாய்வாளரும் உளர். களிப்பூட்டும் கலை ஆழமற்றது என்பது அவர்தம் கட்சி. அக்கட்சி இப்படைப்பின் முன் நிற்குமா என்பதே நம் கேள்வி.

அரங்கைப் பற்றி ஒரு சொல். சிட்டி சென்டர் கட்டடம் 1920களில் எழுந்தபோது அதற்கு இட்ட பெயர் 'மெக்கா டெம்பிள்' என்பதாகும். இஸ்லாத்தோடு எத்தொடர்பும் இல்லாத அமெரிக்கச் சகோதரச் சங்கம் ஒன்று, அரபு நாட்டு அலங்காரத்தின் மீதிருந்த மோகத்தால், குவிமாடமும் வண்ண ஓடுகளுமாக அதனைக் கட்டிக்கொண்டது. 1943இல் அது நகரத்தின் பொது அரங்காயிற்று. வேடத்துக்காக எழுந்த அம்மண்டபத்தில், வேடமற்ற ஒரு மக்களின் நினைவு ஆண்டுதோறும் ஆடப்படுவது விந்தைதான்.

எய்லி 1931இல் டெக்சாஸ் மாநிலத்தில் ரோஜர்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை கைவிட்டுச் செல்ல, பருத்திக் காட்டிலும் பிறர் வீடுகளிலும் உழைத்த தாயால் வளர்க்கப்பட்டார். பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸில் லெஸ்டர் ஹார்ட்டனிடம் நாட்டியம் பயின்றார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் ஆடுவது அரிதாயிருந்த காலத்தில் அனைவரையும் சேர்த்து ஆடவைத்தவர் ஹார்ட்டன். 1958இல் எய்லி தம் குழுவைத் தொடங்கினார். குழந்தைப் பருவத்தில் கண்ட ஆலயமும் வயலும் நீர்நிலையும் தம்முள் தங்கியதை 'இரத்த நினைவுகள்' என்று அவர் அழைத்தார். 'வெளிப்பாடுகள்' அவற்றிலிருந்து பிறந்தது.

படைப்பு மூன்று பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி மண்ணின் நிறம். ஆடுவோர் நெருங்கித் திரண்டு, தோளில் காணாத சுமையொன்று அழுத்துவதுபோல் முழங்கால் மடித்து நிற்கின்றனர். கைகள் சிறகுபோல் விரிகின்றன. ஆனால் பாதம் தரையை விட்டு எழுவதில்லை. பறக்கத் தெரிந்தும் பறக்கவியலாத உடல்கள் அவை. இரண்டாம் பகுதி வெண்மை. மேடையின் குறுக்கே நீண்ட நீலத் துணியும் வெள்ளைத் துணியும் இழுத்துப் பிடிக்கப்பட்டு அலையாடும், அதுவே ஆறு. ஞானஸ்நானத்துக்குச் செல்வோர் அதனுள் இறங்குகின்றனர். வெறும் துணியை நீராக்கிக் காட்டும் அந்த எளிமைக்கு ஈடாக நவீன நாட்டியத்தில் வேறொன்றைச் சொல்ல நாம் தயங்குவோம்.

மூன்றாம் பகுதிதான் புகழ்பெற்ற களிப்பு. மஞ்சள் உடையும் தொப்பியும் அணிந்த மாதர், ஆளுக்கொரு முக்காலியும் விசிறியுமாக ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வந்து சேர்கின்றனர். வெக்கை தாளாமல் விசிறுகின்றனர், குசலம் விசாரிக்கின்றனர், ஆடவரைக் கண்டிக்கும் பாவனையில் இடுப்பில் கை வைக்கின்றனர். பாடல்கள் அனைத்தும் அடிமை வாழ்விலும் அதன் பின்னரும் கறுப்பின மக்கள் கட்டிய பக்திப் பாடல்கள். அவை கிறிஸ்தவ ஆலயத்துக்குரியவை எனினும், அவற்றில் வரும் பெயர்கள் நம் இல்லங்களுக்கு அந்நியமல்ல. முதற்பகுதியில் தானியால் நபியின் விடுதலை. இறுதியில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் மடியில் உயிர் இளைப்பாறும் சித்திரம்.

இங்கேதான் எளிய களிப்பென்று ஒதுக்குவோர் கவனிக்கத் தவறுகின்றனர். அம்மாதர் வெற்றிவிழா கொண்டாடவில்லை. அவர்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு ஞாயிறு மட்டுமே. திங்கள் விடிந்தால் மீண்டும் பருத்திக் காடு. நிமிர்ந்த முதுகும் கசங்காத உடையும் அந்த ஒரு நாளுக்கு அவர்கள் தாமே அளித்துக்கொள்ளும் மரியாதை. முதற்பகுதியில் வளைந்த அதே முதுகுகள்தாம் இவை என்பதை மறந்து பார்ப்பவனுக்கு மஞ்சள் உடை வெறும் மஞ்சளாகவே தெரியும்.

1962இல் அமெரிக்க அரசு இக்கலைஞர்களைத் தென்கிழக்காசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பண்பாட்டுத் தூதர்களாக அனுப்பியது. பொதுவிடங்களில் இனப் பிரிவினையைத் தடைசெய்யும் சட்டம் வந்ததோ 1964இல். வாக்குரிமைச் சட்டம் 1965இல். உள்நாட்டில் உரிமை மறுக்கப்பட்ட மக்களின் மகிழ்ச்சியை வெளிநாட்டில் காட்சிக்கு வைத்த அரசின் செயலை என்னென்பது! ஆயினும் அந்த முதற்பகுதியும் உடன் சென்றது. பார்க்கத் தெரிந்தவர் பார்த்திருப்பர்.

1971இல் எய்லி தம் தாய்க்குப் பிறந்தநாள் பரிசாக 'க்ரை' என்னும் தனிநாட்டியத்தைப் படைத்தார். ஜூடித் ஜேமிசன் ஆடியது. ஒரே வெள்ளைத் துணி, தரை துடைக்கும் கந்தலாகிறது, பின் போர்வையாகிறது. நெடிய துயருக்குப் பின் கடைசிப் பகுதியில் அப்பெண்ணின் ஆட்டம் கட்டற்றுப் பாய்கிறது. சுமார் பதினாறு நிமிடம் ஒருத்தியே மேடையை நிரப்ப வேண்டியிருத்தலின், அவ்விறுதிக் களிப்பு களைத்த உடலிலிருந்தே வந்தாக வேண்டும். ஆடுபவரின் மூச்சிரைப்பும் பொருளின் பகுதியாகிவிடுகிறது. 'வெளிப்பாடுகள்' பலர் சேர்ந்து சொல்வதை இது ஒருத்தியைக்கொண்டு சொல்கிறது. கடுமையில் இதுவே மேல் என்பது நம் எண்ணம்.

குறை இல்லாமலில்லை. தொடக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல், பாடகர் நேரில் பாட நிகழ்ந்த 'வெளிப்பாடுகள்' பின்னர் சுருக்கப்பட்டு, இன்று ஏறத்தாழ முப்பத்தாறு நிமிடமே ஓடுகிறது. பல மாலைகளில் ஒலிப்பதிவே பாடுகிறது. விருந்தின் முடிவில் வைக்கும் இனிப்புப்போல் ஒவ்வொரு மாலையின் கடைசியிலும் அதனை வைப்பதால், அரங்கினர் முதற்பகுதியைப் பார்க்கும்போதே மூன்றாம் பகுதிக்காகக் காத்திருக்கின்றனர். திரைச்சீலை உயர்ந்ததும், உடல்கள் இன்னும் அசையாத நிலையிலேயே, கைதட்டல் எழுகிறது. அந்த முதல் மௌனம் படைப்புக்கு உயிர்நாடி. அதைப் பறித்துக்கொள்வது ரசிகரின் அன்பே. எய்லி 1989 டிசம்பர் முதல் நாள் மறைந்தபின் ஜேமிசனும் அவருக்குப் பின் வந்தோரும் இவ்வழக்கத்தை மாற்றவில்லை. சீட்டு விற்பனையும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆண்டுக்குச் சில மாலைகளிலேனும் பாடகரை மேடையோரம் நிறுத்தி, 'வெளிப்பாடுகளை' முதலில் ஆடிவிட்டுப் புதிய படைப்புகளைப் பின்னர் ஆடினால் என்ன?

இறுதிப் பாடல் முடிந்ததும் கைதட்டல் ஓயாததால், அதன் கடைசிப் பகுதி பெரும்பாலும் மறுமுறை ஆடப்படுகிறது. அப்போது மஞ்சள் உடை மாதரின் முகத்தில் வியர்வை வழிகிறது. அரங்கின் வெளியேயோ டிசம்பர் மாதத்துக் கடுங்குளிர். விசிறிகள் மட்டும் நிற்பதில்லை.