மொட்டை மாடிக்கு வெள்ளை: இரண்டு கோடைக்குப் பிறகு

மதுரையில் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குச் சித்திரை, வைகாசி இரவுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆன பிறகும் மின்விசிறி அனலைத்தான் கீழே தள்ளும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் கூரை இரவில்தான் அறைக்குள் கக்குகிறது. அந்த இரவுச் சூட்டுக்காகவே மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்தோம். இரண்டு கோடையும் நடுவே ஒரு மழைக்காலமும் பார்த்தாயிற்று.

முதல் வாரம் வேண்டுமென்றே படுக்கையறைக்கு மேலே மட்டும் அடித்துவிட்டு, கூடத்துக்கு மேலே சிமெண்ட் தரையை அப்படியே விட்டுவைத்தேன். மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு ஏறினால், சிமெண்டில் மூன்று எட்டு வைக்க முடியவில்லை. வெள்ளையில் நின்று பேச முடிந்தது. இரவு ஸ்டூல் போட்டு இரண்டு அறைகளின் உட்கூரையையும் தொட்டுப் பார்த்தேன். கூடத்துக் கூரை அப்போதுதான் இஸ்திரி போட்ட துணி மாதிரி சுட்டது. படுக்கையறையில் வெறும் வெதுவெதுப்பு. ஏசியே வேண்டாம் என்னும் அளவுக்கு அறை குளிரவில்லை. ஆனால் நடுராத்திரி எழுந்து துண்டை நனைத்துப் போர்த்திக்கொள்ளும் வழக்கம் போய்விட்டது.

கடையில் வாளியின் வெண்மையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எஸ்ஆர்ஐ எவ்வளவு என்று கேளுங்கள். வெயிலை எந்த அளவு திருப்பி அனுப்புகிறது, ஏறிய சூட்டை எந்த அளவு வெளியே விடுகிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. ஒரு திட்டக் கறுப்புக்கு 0, திட்ட வெள்ளைக்கு 100. இரண்டாவது குணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பளபளக்கும் புதுத் தகரம் வெயிலை நன்றாகவே திருப்புகிறது. உள்ளே வாங்கிய சூட்டை எளிதில் விடாததால்தான் கொதிக்கிறது.

அடிப்பது ஒரு நாள் வேலை. அதற்கு முன் மூன்று நாள் பாடு. கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, விரிசலை அடைத்து, பிரைமர் ஒரு கோட்டிங், பெயிண்ட் இரண்டு கோட்டிங். ஒழுகலும் நின்றுவிடும் என்று கடையில் சொன்னதை நம்பி ஒரு விரிசலை அடைக்காமல் விட்டேன். ஐப்பசி மழையில் அந்த இடத்தில் பூச்சு கொப்புளித்து உரிந்தது.

வெள்ளைக்குப் பெரிய எதிரி தூசிதான். மாசி முடிவதற்குள் மாடி சாம்பல் நிறமாகி, பழைய சூடு மெல்லத் திரும்பியது. பங்குனியில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்த பிறகே பழைய பலன் கிடைத்தது. தண்ணீர் விலைக்கு வாங்கும் தெருவில் இது சின்னச் செலவில்லை. கண்கூச்சமும் உண்டு. சரிவான படிக்கட்டுக் கூரையிலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் எதிர்வீட்டு அக்காவால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை; அந்தக் கூரைக்கு மட்டும் வெளிர் மண்நிறம் அடித்துக் கொடுத்தோம். அம்மாவுக்கு வேறு குறை: கீழிருந்து சூடு ஏறாததால் வடகம் காய ஒரு நாள் கூடுதலாகிறது.

ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இது வேண்டாத வேலை. அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருப்பவருக்கும் பலன் தெரியாது.

யாருக்கு இது அவசரத் தேவை என்பதை அகமதாபாத் சரியாகப் புரிந்துகொண்டது. 2010 வெப்ப அலைக்குப் பின், 2013-இல் வெப்பச் செயல் திட்டம் வகுத்த அந்த நகரம், 2017-இல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. நம் ஊர்களிலும் தகர வீடுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். காரணம், நானே கண்டது. எங்கள் வாளியில் மீந்ததைப் பின்தெருவில் தையல் தைக்கும் ஒரு அம்மாவின் தகரக் கூரைக்கு அடித்தோம். மெல்லிய தகரம் சூட்டைத் தேக்கி வைப்பதில்லை. அதனால் இரவுவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மதியம் வெயில் தாழும்வரை மெஷினை மூடிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பவர், மறுநாள் மூன்று மணிக்கு உள்ளே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார்.