ஈரிழைத் துண்டு இருக்க டவல் எதற்கு?

அந்தமானுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "துண்டு எடுத்துக்கிட்டீங்களா?" என்றுதான். கனத்த டெர்ரி டவலைச் சொல்லவில்லை. ஈரோட்டுப் பக்கம் இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து நெய்கிறார்களே, அந்த ஈரிழைத் துண்டு! ஹேவ்லாக் என்று நாம் சொல்லிப் பழகிய ஸ்வராஜ் தீவில், ராதாநகர் கடற்கரையின் வெள்ளை மணலில் அதை விரித்துப் பாருங்கள். இந்தக் கடற்கரைக்காகவே நெய்ததோ என்று தோன்றும்.

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மழை ஓய்ந்த நாளிலும் காற்றில் ஈரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, டிசம்பரில் மாலை 5 மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். அந்தியில் குளித்துவிட்டு வந்தால், துண்டுக்கு அடுத்த வெயில் மறுநாள் காலையில்தான். சதுர மீட்டருக்கு 500 கிராம் கனமுள்ள டெர்ரி டவல், 75-க்கு 150 சென்டிமீட்டர் அளவில் காய்ந்த நிலையிலேயே அரைக் கிலோவுக்கு மேல். நனைந்தால் கேட்கவே வேண்டாம்! ராத்திரி முழுக்கத் தொங்கினாலும் அதன் சுருள் இழைகளுக்குள் ஈரம் நிற்கும்; விடிந்தால் பூஞ்சை வாடை. சோலாப்பூர் டெர்ரி டவல் புவிசார் குறியீடு பெற்ற அருமையான சரக்குதான். அதற்கு வறண்ட ஊர் வேண்டும். ஈரிழைத் துண்டோ ஃபேனுக்கு அடியில் கொடி கட்டிப் போட்டாலே காலைக்குள் தயார்!

இந்த ரகசியம் தீவுக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். 1950-களில் ஹேவ்லாக்கில் குடியேறிய வங்காளிகளின் கம்சா நம் துண்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மலையாளிகளின் தோர்த்தும் அதே குடும்பம். புழுக்கமும் மழையுமாக வாழ்கிற ஊர்களெல்லாம் தேர்ந்தெடுத்தது மெல்லிய பருத்தியைத்தான்.

வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். கால் நீட்டிப் படுத்தால் குதிகால் மணலில் படக்கூடாது. அங்கே மணல் ஈக்கள் கடித்தால் நாள் கணக்கில் அரிக்கும். விரிப்பு பெரிதாக இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, நெசவு சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள். பாலியஸ்டர் கலந்தது பளபளக்கும், தண்ணீரைக் குடிக்காது. ஆளுக்கு இரண்டு வேண்டும்: விரிக்க ஒன்று, துவட்ட ஒன்று.

பராமரிப்பா? அது இன்னும் சுகம். ஈர மணலைத் தேய்க்காதீர்கள். காயவிட்டு ஒரு உதறு உதறினால் மொத்தமும் கொட்டிவிடும். பிடித்துவைக்க இதில் சுருள் இழையே இல்லை. அதன்பிறகு நல்ல தண்ணீரில் கட்டாயம் ஓர் அலசல். துணியில் தங்கும் கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அலசாத துண்டு பிசுபிசுப்பதற்கு அதுதான் காரணம். தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய தீவில் அரை வாளியில் வேலை முடிகிறதே, அதற்கே இதைக் கொண்டாட வேண்டாமா!

ஊருக்கு வந்து துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். அது இழைமேல் படிந்து உறிஞ்சும் சக்தியைக் குறைத்துவிடும். சன்ஸ்க்ரீன் கறைக்கு பிளீச்சிங் பவுடரும் ஆகாது. சில சன்ஸ்க்ரீன்களின் கறை அதில் இன்னும் சிவந்துபோகும். சோப்பைத் தடவி ஊறவைத்துக் கசக்கினால் போதும். கிளம்புமுன் மடிப்பை உதறிப் பாருங்கள். சிப்பி, பவளத்துண்டு ஏதும் கூடவே வந்தால் விமான நிலையச் சோதனையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒன்றே ஒன்று: கடையிலிருந்து வந்த புதுத் துண்டு கஞ்சி விறைப்போடு இருக்கும், தண்ணீரை அவ்வளவாக வாங்காது. ஒரு ராத்திரி ஊறவைத்து, நாலைந்து முறை துவைத்த பிறகுதான் அதன் அருமை தெரியும். டிக்கெட் போட்டாச்சா? அப்படியானால் துண்டை இன்றைக்கே வாங்கித் துவைக்க ஆரம்பியுங்கள்!