கெட்டிப் பனியில் எந்த போர்டு?

புதுப்பனியில் எந்த ஸ்னோபோர்டும் நல்ல போர்டுதான். முந்தைய இரவு இயந்திரம் சமன்செய்து, விடியும்வரை குளிரில் இறுகி, பூட்ஸ் குதிகாலால் குத்தினாலும் அதிகம் குழிவிழாத கெட்டிப் பனியில்தான் ஒன்றின் குணம் மற்றொன்றிலிருந்து பிரிந்து தெரியும். அந்தச் சரிவில் கார்விங் என்பது போர்டைச் சறுக்கவிடாமல், அதன் உருக்கு விளிம்பை மட்டும் பனியில் பதித்து வளைந்து செல்வது. மூக்கு போன பாதையிலேயே வாலும் போகவேண்டும். பின்னால் பென்சில் கோடு போலத் தடம் விழவேண்டும். தடம் அகன்றால் வழுக்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

கார்விங் போர்டுகளை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் கேட்பது, “பிடிப்பு எப்படி?” இந்தக் கேள்வியால் ஒப்பீடு தொடக்கத்திலேயே தடம் மாறுகிறது என்பது என் கருத்து. இன்றைய நல்ல பட்டறை எதிலிருந்து வந்தாலும், விளிம்பு கூராக இருந்தால் போர்டு பிடிக்கும். போர்டுக்குப் போர்டு உண்மையில் மாறுவது, எந்த வேகத்தில் அது வேலைசெய்யத் தொடங்குகிறது என்பதுதான்.

இதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்கவேண்டும். போர்டின் பக்கவாட்டு விளிம்பு நேர்கோடு அல்ல, இடுப்பு ஒடுங்கியிருக்கும். அந்த வளைவை ஒரு பெரிய வட்டத்தின் துண்டாக எண்ணினால், வட்டத்தின் ஆரமே சைட்கட் ஆரம். போர்டைச் சாய்த்து அழுத்தும்போது அது வில்லாக வளைந்து, சைட்கட் ஆரத்தைவிடச் சிறிய ஆரத்தில் திரும்பும். கெட்டிப் பனியில் 60 பாகை சாய்த்தால் அந்த ஆரம் ஏறக்குறைய பாதியாகும். உடலும் அதே அளவு சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், விழாமல் நிற்கத் தேவையான வேகத்தையும் கண்டுபிடிக்கலாம். 10 மீட்டர் ஆரமுள்ள போர்டுக்கு மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர். 13 மீட்டருக்கு 38. 18 மீட்டருக்கு 45. சரிவின் கோணம், இடுப்பை மடக்கி நிற்கும் பழக்கம் இவற்றால் எண்கள் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது. பெரிய ஆரமுள்ள போர்டை மெதுவாக ஓட்டிக்கொண்டே முழுக்கச் சாய்ப்பதற்கு வழியே இல்லை. வேகத்தைக் கொடுத்தால்தான் அது சாயும்.

பந்தய போர்டைப் பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். ஆண்களின் பேரலல் ஜெயண்ட் ஸ்லாலமுக்கான (இருவர் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஓடும் பந்தயம்) போர்டு ஏறக்குறைய 185 சென்டிமீட்டர் நீளம், இடுப்பில் 20 சென்டிமீட்டரை ஒட்டிய அகலம். அதில் கெட்டி ஓடுள்ள ஹார்ட்பூட் மாட்டி, பாதங்களை மூக்கை நோக்கி வெகுவாகத் திருப்பி நிற்பார்கள். சுவிட்சர்லாந்தின் கெஸ்லர் பட்டறை இந்த வகையின் இலக்கணத்தையே மாற்றியது. அதன் சைட்கட் ஒரே ஆரத்தில் இராது. ரயில் பாதையில் நேர்கோட்டிலிருந்து வளைவுக்குள் நுழையும் இடத்தில் பயன்படும் கிளோதாய்டு என்ற வளைவைப் போல, ஆரம் படிப்படியாக மாறிக்கொண்டே போகும். 2006 டுரின் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஆஸ்திரியர் சிகி கிராப்னர் தொடங்கிய எஸ்ஜி நிறுவனமும் பந்தயக்காரர்களிடையே பெயர்பெற்றது. இவற்றோடு டைட்டானல் என்னும் மெல்லிய அலுமினியக் கலவைத் தகடும் வந்தது. கெட்டிப் பனியில் விளிம்பு வழுக்குவது பெரும்பாலும் கூர்மை போதாததால் அல்ல. போர்டு அதிர்ந்து, விளிம்பு கணநேரம் பனியைவிட்டு எழும்பி, மறுபடி விழுவதால். டைட்டானல் அந்த அதிர்வை விழுங்கிவிடுகிறது. பூட்ஸைப் பிணைக்கும் பைண்டிங்குக்கும் போர்டுக்கும் இடையில் தனித் தகடு ஒன்றைப் பொருத்தினால், பாதத்தின் இறுக்கம் குறுக்கிடாமல் அடியிலுள்ள போர்டு தன்போக்கில் வளையும்.

இதன் பலம் மறுக்கமுடியாதது. பல பேர் ஓடிக் குழிவிழுந்த பந்தயத் தடத்தில்கூட, ரயில் தண்டவாளத்தில் ஏறியதுபோல் போகும். ஆனால் அதிர்வை விழுங்கும் அதே மௌனம் சாதாரணச் சரிவில் குறையாகிவிடுகிறது. 1990களின் கண்ணாடியிழை போர்டுகள் வளைவின் முடிவில் வில் நாண் விடுபட்டதுபோல் துள்ளி, ஓட்டுகிறவரை அடுத்த வளைவுக்குத் தூக்கிப்போடும். களைப்பைத் தரும், சில நேரம் பயத்தையும் தரும். ஆனால் போர்டு உங்களோடு பேசிக்கொண்டே இருக்கும். உலோக போர்டு வாயே திறக்காது. மணிக்கு முப்பது கிலோமீட்டரில் கூட்டத்துக்கு நடுவே போகிறவருக்கு, 18 மீட்டர் ஆரமுள்ள டைட்டானல் போர்டு தூங்கிக்கொண்டிருக்கும் பலகைதான். இதைத்தான் “மிக உயர்ந்த தரம்” என்று அளவுகோலாக வைத்து மற்ற எல்லா போர்டுகளையும் அளக்கிறோம்.

பந்தயத்துக்குள்ளேயே ஒரே அளவுகோல் செல்லுபடியாவதில்லை. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு வீரர் விக் வைல்ட் பேரலல் ஜெயண்ட் ஸ்லாலம், பேரலல் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வென்றார். ஆனால் இரண்டுக்கும் ஒரே போர்டு உதவாது. கம்பங்கள் நெருங்கி நிற்கும் ஸ்லாலமுக்கு, குட்டையான, ஆரம் குறைந்த போர்டுதான் தேவை. ஸ்லாலம் பிரிவு அதன்பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்கு நெருக்கமான போர்டுதான் மேடையிழந்தது என்பது எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்.

பந்தயத்துக்கு நேரெதிர் திசையில் போனது ஸ்வோர்ட். சுவிட்சர்லாந்தின் சினால் மலைக்கிராமத்தோடு சேர்த்துப் பேசப்படும் எக்ஸ்ட்ரீம் கார்விங்குக்காகவே உருவான போர்டு அது. அந்தப் பாணியில் உடல் முழுக்கப் பனியோடு பனியாகக் கிடக்கும். கையும் இடுப்பும் தரையைத் தடவும். அத்தனை சாய்வில் குறுகலான பந்தய போர்டு ஓடினால், பூட்ஸின் முனை பனியில் இடித்து விளிம்பைப் பெயர்த்துவிடும். ஸ்வோர்ட் சற்று அகலமாக இருப்பதற்கு அதுவே காரணம். நான் மேலே போட்ட கணக்கும் இங்கே பொருந்தாது. அந்தச் சாய்வில் யாரும் சமநிலையில் நிற்பதில்லை. கால்களை மடக்கி நீட்டும் தாளத்தில் சில கணங்கள் கிடந்து எழுகிறார்கள். பார்க்க இதற்கு இணையில்லை. ஆனால் செங்குத்தான, அகன்ற, ஆளில்லாத சரிவு வேண்டும். பனியும் கெட்டியாக இருந்தாலும் பளிங்காகிவிடக் கூடாது. பளிங்குப் பனியில் கிடந்தபடியே வழுக்கினால் வலைவேலி வரைக்கும் போகவேண்டியதுதான். ஓர் அழகை மட்டும் குறிவைத்த போர்டை, பந்தயத்தில் பின்தங்குகிறது என்று குறைசொல்வதில் நியாயமில்லை. எல்லாக் காலைக்கும் உகந்தது என்று விற்பதிலும் நியாயமில்லை.

மூன்றாவது கூட்டம் ஜப்பானிலும் கொரியாவிலும் வளர்ந்தது. சாஃப்ட்பூட்டை வைத்துக்கொண்டே கார்விங் செய்வது. மூக்கை வட்டமாக நீட்டாமல் சுத்தியல் தலைபோல் தட்டையாக வெட்டியிருப்பதால் இவற்றை ஹேமர்ஹெட் என்கிறார்கள். போர்டின் மொத்த நீளத்தில் பெரும்பகுதி பனியைத் தொடும் விளிம்பாகவே இருக்கும். ஜப்பானின் கிரே நிறுவனத்தின் டெஸ்பராடோ இந்த வகையில் பேர்போனது. ஜப்பானில் வளைவின் நேர்த்தியைப் பார்த்து மதிப்பெண் போடும் போட்டிகளே நடப்பதால், அங்கு வேகத்தைவிடக் கோட்டின் வடிவம் முக்கியம். என் கண்ணுக்கு இன்று மிகப் புத்திசாலித்தனமான வடிவமைப்பு இங்கேதான் நடக்கிறது. குறை இல்லாமல் இல்லை. அகலமான போர்டில் விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது. கெட்டிப் பனி அந்த விளிம்பை எதிர்த்து மேலே தள்ளும்போது, அந்தத் திருகலைத் தாங்குவது ஹார்ட்பூட்டின் ஓடு அல்ல, ஓட்டுகிறவரின் கணுக்காலும் பைண்டிங்கின் பட்டையும்தான். மூன்றாவது மணிநேரத்தில் குதிகால் பக்க வளைவுகள் அதிரத் தொடங்கும். பழியோ போர்டின் மேல் விழும்.

ஒப்பிடும் வழக்கத்திலேயே உள்ள கோளாறு இங்கே வெளிப்படுகிறது. ஒரே காலையில் நான்கு போர்டுகளை மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். எட்டு மணிக்கு ஏறியது கெட்டிப் பனியில் ஓடியது. பதினொரு மணிக்கு ஏறியது வெயிலில் இளகிய மேல்பரப்பில். ஒன்றின் விளிம்பு நேற்றுத் தீட்டியது, மற்றொன்று கடையிலிருந்து வந்தபடியே. ஒரே போர்டு 60 கிலோ ஆளுக்கு இரும்பாகவும் 90 கிலோ ஆளுக்கு இலையாகவும் நடந்துகொள்ளும். கொலராடோவின் டோனெக்கைப் போன்ற பட்டறைகள் எடையைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற விறைப்போடு செய்துகொடுக்கின்றன. அப்படிச் செய்த போர்டை நண்பரிடம் இரவல் வாங்கி ஓட்டிவிட்டு எழுதும் தீர்ப்பு யாருக்கும் பயன்படாது. ஆனாலும் இந்த ஒப்பீடுகளை நான் முற்றிலும் ஒதுக்கமாட்டேன். வளைவுக்குள் போர்டு தானாக நுழைகிறதா, தள்ளவேண்டியிருக்கிறதா, வளைவின் கடைசியில் விடுகிறதா, பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்பதெல்லாம் எந்த விவரப் பட்டியலிலும் இருக்காது. ஓட்டியவர் தன் எடை, பனியின் நிலை, போன வேகம் மூன்றையும் சொல்லிவிட்டால் அந்த வார்த்தைகளுக்கு மதிப்புண்டு.

கூட்டமுள்ள சரிவில், கெட்டிப் பனியில் ஓட்டுகிறவருக்கு என் கை நீள்வது 12 முதல் 14 மீட்டர் வரையுள்ள ஆரத்துக்குத்தான். உலோகம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிப்போகாது. பந்தயக்காரர்கள் பருவம் முடிந்ததும் விற்கும் பழைய போர்டுகளின் மலிவில் மயங்கிவிடக் கூடாது. அவற்றின் விறைப்பு இன்னொருவர் உடலுக்கானது, விளிம்பு தீட்டித் தீட்டித் தேய்ந்திருக்கும். வாங்கியே தீருவதென்றால், முன் பைண்டிங்குக்குச் சற்று முன்னால் மேல்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டைட்டானல் போர்டு விழுந்து மடங்கியிருந்தால் குறுக்கே மெல்லிய மடிப்பு தெரியும், அது நிமிராது.